பேப்பரும் தாய்ப்பூனையும்

"உங்க சிலோன்ல ப்ரீட் கேட்டெல்லாம் ஏது சார்? எல்லாம் தெருப்பூனைதானே?"

சென்னை வளசரவாக்கத்தில் மச்சான் குடியிருக்கும் வீட்டின் மேல்மாடிக்காரர் கேட்டது இது. அவர் மடியில் வெள்ளைப் பெர்சியன் ஒன்று கிடந்தது. அவர் குத்தலாகக் கேட்கவில்லை என்று மச்சான் பிறகு சமாதானம் சொன்னான். இருக்கலாம். ஆனால் 'சிலோன்' என்ற பெயரிலேயே ஒரு பூனை இனத்தை உலகப் பூனைக் கூட்டமைப்பு அங்கீகரித்திருக்கிறது என்பதை அவருக்கு யாராவது சொல்லத்தானே வேண்டும்?

1984 இல் பாவ்லோ பெல்லெகாட்டா என்ற இத்தாலியர் இலங்கைக்கு வந்தார். இங்குள்ள பூனைகளின் மயிர் அவரை மயக்கிவிட்டது. சிலவற்றை இத்தாலிக்குக் கொண்டுபோய் வளர்த்துப் பெருக்கினார். ஒவ்வொரு மயிரிலும் வெளிர்நிறமும் கருநிறமும் மாறி மாறி வரும். உடம்பில் வரி இராது, காலிலும் வாலிலும் மட்டும் கோடுகள். நெற்றியில் நாகபாம்பின் படம் போல ஒரு குறி. யாழ்ப்பாணத்து மீன்சந்தையில் சூடைத் தலைக்குக் காத்துக்கொண்டு நிற்கிற பூனைகளிலும் இந்த மயிரைக் காணலாம். நாங்கள் 'சூ' என்று விரட்டுகிற சீவனை இத்தாலியில் கண்காட்சி மேசையில் ஏற்றினார்கள். அபிசீனியன் என்று உலகம் கொண்டாடும் இனத்துக்கும் இதே வகை மயிர்தான். அந்த இனத்தின் மூலம் எத்தியோப்பியா அல்ல, இந்துமாக்கடற் கரைகள்தான் என்று மரபணு ஆய்வுகள் சொல்லுகின்றன.

இந்தியாவுக்கும் இப்போது 'இண்டிமாவ்' என்று சொந்த இனம் ஒன்று அதே கூட்டமைப்பில் இருக்கிறது. சந்தோஷம். நாங்கள் முந்திக்கொண்டோம், அவ்வளவுதான்.

சென்னையில் பூனை வாங்கப் போனால் முதலில் அங்கத்தைய பாஷையைப் படிக்க வேண்டும். டால் ஃபேஸ், செமி பஞ்ச், பஞ்ச் ஃபேஸ், டிரிபிள் கோட். மச்சான் அனுப்பும் விளம்பரங்களில் இவைதான் இனப்பெயர்கள் போல வருகின்றன. இனம் எல்லாவற்றுக்கும் ஒன்றே, பெர்சியன். மூக்கு எவ்வளவு தட்டை என்பதற்கேற்ப விலை ஏறுகிறது. 'டிரிபிள் கோட்' வியாபாரிகளின் சொல்; உள்மயிர் ஒன்று, வெளிமயிர் ஒன்று என்றுதான் பெர்சியனின் போர்வையைச் சொல்வார்கள். மூக்கு கண்களுக்கு நடுவே ஏறிவிட்ட பூனைக்கு நாசித்துளை குறுகும், கண்ணீர் ஓயாது வடியும், மூச்சு இழுக்கும். சென்னையின் சித்திரை வெயிலில் அதற்குக் கூடுதல் காசு கொடுத்து வாங்குகிறார்கள். கொழும்பிலும் இப்போது சிலர் 'பஞ்ச் இருக்கோ' என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். இது இறக்குமதிச் சரக்கு, எங்கள் பழக்கமன்று.

எங்கள் பக்கத்துச் சொல் ஒன்றுதான்: 'பேர்சியன் கிராஸ்'. அதுவும் பாதி வேளை பிழை, ஆனால் அதில் ஒரு அடக்கம் இருக்கிறது. நீள மயிர் ஒடுங்கு மரபணுவால் வருவது. கட்டை மயிருள்ள ஊர்க் கடுவனும் பெட்டையும் அதை உள்ளே ஒளித்து வைத்திருந்தால், அவற்றுக்கும் சடைக்குட்டி பிறக்கும். ஆகவே மயிரைப் பார்த்து ஏமாற வேண்டாம். தலை உருண்டையா, காது சிறிதாய் முனை மழுங்கி அகல நிற்கிறதா, கால் கட்டையாய்த் தடித்திருக்கிறதா, வால் உடம்பின் நீளத்துக்குக் குட்டையா என்று பாருங்கள். நீலக்கண் எல்லாம் சயாமியும் அல்ல. சயாமிக்குட்டி பிறக்கும்போது வெள்ளையாக இருக்கும். உடம்பில் குளிர்ந்த பகுதிகளான காது, முகம், கால், வால் பிறகுதான் கறுக்கும்.

பேப்பர் விஷயத்தில் சென்னை ஒரு படி மேலே. வாய் கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும். இந்தியாவில் பூனைச் சங்கங்கள் கண்காட்சி நடத்துகின்றன, வம்சாவளிச் சான்றிதழ் கொடுக்கின்றன. பூனையின் பெயருக்கு முன்னால் வளர்ப்பகத்தின் பெயர், மூன்று நான்கு தலைமுறை, பதினைந்து இலக்க மைக்ரோசிப் எண் எல்லாம் இருக்கும். சங்கத்திடம் கேட்டுச் சரிபார்க்கலாம். எங்கள் பக்கம் நான் பழகிய வளர்ப்பவர்களிடம் அப்படி ஒரு தாள் அபூர்வம். ஆனால் சட்டம் அங்கேயும் பூனையைச் சற்று மறந்துதான் இருக்கிறது. 2017 ஆம் ஆண்டின் இனப்பெருக்க விதிகள் நாய்க்கு மட்டுமே. 2018 ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளில் பூனையும் அடங்கும், ஆனால் அவை பார்ப்பது விற்கும் இடத்தை. எங்களிடம் இருப்பது 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம். அதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

பேப்பர் இல்லாத ஊரில் என்ன இருக்கிறது? கொக்குவிலில் பேர்சியன் வளர்க்கும் ஒரு அக்காவிடம் குட்டி கேட்டுப் போனேன். குட்டியைக் காட்டுமுன் என்னைத்தான் விசாரித்தா. "வீட்டிலை நாய் நிக்குதோ? பகலிலை ஆர் இருப்பினம்? சடை சிக்கினால் ஆர் இழுக்கிறது?" விலையை நான் கேட்கும்வரை அவ சொல்லவேயில்லை. தாய்ப்பூனை அடுப்படி வாசலில் படுத்திருந்தது. குட்டிகள் அதன் மேல் ஏறி விழுந்து விளையாடின. "மூண்டு மாசம் ஆகாமல் தரமாட்டன். ஊசி போட்ட புத்தகத்தோடைதான் தருவன்" என்று அனுப்பிவிட்டா. உலகத்துப் பூனைச் சங்கங்கள் சொல்வதும் குறைந்தது பன்னிரண்டு வாரம் என்றுதான். தாயோடும் உடன்பிறந்தவற்றோடும் இருந்துதான் குட்டி கடியை அடக்கவும் மண்தட்டில் போகவும் பழகுகிறது.

நான் சென்னையில் கண்டதோ பாரிமுனைப் பக்கத்து ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கூண்டில் கண் பீளை வடிந்த குட்டிகள். தாய் எங்கே என்று கேட்டால் "ஊர்ல இருக்குது" என்ற பதில். "சந்தையையும் நான் அனுப்புற விளம்பரத்தையும் வைச்சுச் சென்னையை எடைபோடாதை, அம்மாவைக் காட்டித் தாற ஆக்கள் இஞ்சையும் இருக்கினம்" என்கிறான் மச்சான். இருப்பார்கள்.

இரண்டு கரையிலும் எவரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. பெர்சியன்களுக்குச் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உருவாகும் பரம்பரை நோய் இருக்கிறது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே ஏறக்குறைய பாதிக் குட்டிகளுக்கு வரும். வெளியே தெரியாது; பூனை நடுவயதைத் தொடும்போதுதான் மெலியத் தொடங்கும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்துச் செய்யும் மரபணுச் சோதனை ஒன்று போதும், பத்து மாதத்துக்கு மேற்பட்ட பூனையில் ஸ்கானிலும் பெரும்பாலும் தெரிந்துவிடும். கொண்டுபோய்க் காட்ட இடமில்லை என்றும் சொல்ல முடியாது: 1903 இல் தொடங்கிய மிருக வைத்தியக் கல்லூரி சென்னை வேப்பேரியில் இருக்கிறது, எங்களுக்குப் பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. கொக்குவில் அக்காவிடமும் அந்த அறிக்கை இல்லை. ஆனால் கேட்டதும் கடுவனைக் கொண்டுபோய்க் காட்டுகிறேன் என்றா.

வாங்கப் போகிறவர்களே, தாயைக் காட்டச் சொல்லுங்கள், தாய் தகப்பன் இரண்டின் சிறுநீரக அறிக்கையையும் கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால், எவ்வளவு பளபளப்பான பேப்பரை நீட்டினாலும், காசைச் சட்டைப்பையிலிருந்து எடுக்காதீர்கள்.