மின்சார ரயில் வளர்த்த ஊர்

சென்னையின் தெற்குப் பக்கம் சாலையால் வளர்ந்தது என்று யாராவது சொன்னால் முழுதாக நம்பாதீர்கள். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பாரிமுனையில் குமாஸ்தா உத்தியோகம், குரோம்பேட்டையில் கிணறும் தென்னையுமாக ஒரு வீடு என்ற வாழ்க்கை அந்தத் தண்டவாளம் போட்ட பிச்சை.

மாம்பலத்தைப் பாருங்கள். 1920களில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகருக்கு மனை பிரித்தார்கள். ஸ்டேஷன் படியிறங்கினால் ரங்கநாதன் தெரு. அகலம் சொற்பம்தான், ஆனால் பாத்திரம், புடவை, ஊக்கு, பூ என்று அங்கே கிடைக்காதது எது? வண்டிக்கு வண்டி கூட்டத்தை வாசலிலேயே கொண்டுவந்து இறக்கினால் கடை வளராமல் என்ன செய்யும்! விளம்பரம், தள்ளுபடி எல்லாம் அப்புறம். தெருவின் மேற்கு முனையில் ரயில் நிற்கிறது; வியாபார ரகசியம் அவ்வளவே.

மீட்டர்கேஜ் 2004இல் விடைபெற்று, அகலப்பாதை வந்தது. வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் இன்றும் தண்ணீருக்கு அடுத்தபடியாகக் கேட்பது ஸ்டேஷன் எவ்வளவு தூரம் என்பதைத்தான். ஒரு மதியம், கூட்டமில்லாத வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து தாம்பரம் வரை போய்ப் பாருங்கள். கைப்பேசி பைக்குள் இருக்கட்டும்.