அதிர்ச்சியும் அங்காடியும்

1973ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 'பில்லியன் டொலர் பேபீஸ்' என்னும் இசைத்தட்டு வெளிவந்தது. அலிஸ் கூப்பர் என்ற பெயர் தாங்கிய ரொக் இசைக்குழுவின் ஆக்கமாகிய அத்தட்டு, அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் விற்பனைப் பட்டியலின் முதலிடத்தைப் பெற்றது. மேடையிலே பாம்பைக் கழுத்திற் சுற்றியும், பொம்மைக் குழந்தைகளைச் சிதைத்தும், இறுதியிற் பாடகனையே சிரச்சேதம் செய்து காட்டியும் பார்ப்போரைத் திடுக்கிட வைத்த கூட்டம் அது. அந்தத் திடுக்கம் இன்று எவருக்குமில்லை. ஆகவே, அது ஒழிந்தபின் எஞ்சி நிற்பது யாது எனக் கேட்பதற்கு இதுவே தக்க தருணம் என நாம் கருதுகிறோம்.

அன்று எழுந்த எதிர்ப்பை முதலில் நோக்குவோம். 1972இல் இக்குழுவின் முந்திய பாடலொன்றை ஒளிபரப்பலாகாதென மேரி வைற்ஹவுஸ் அம்மையார் பி. பி. சி.யிடம் போராடினார். மறு ஆண்டு, தொழிற்கட்சிப் பாராளுமன்ற உறுப்பினர் லியோ அப்ஸ், இக்குழுவை நாட்டுக்குள் விடலாகாதென்றார். அப்ஸ் பிற்போக்காளர் அல்லர். ஒருபாற் சேர்க்கையைக் குற்றமெனக் கொண்ட சட்டத்தை 1967இல் தளர்த்துவதற்கு முன்னின்று உழைத்தவர். அவரும் ஏமாந்தார் என்பதே கவனிக்கத்தக்கது. தடை கோரிய ஒவ்வொரு குரலும் தட்டுக்குக் கூலியில்லா விளம்பரமாயிற்று. அம்மையாருக்குப் பூச்செண்டும் அப்சுக்குச் சுருட்டும் அனுப்பியதாகக் கூப்பர் பின்னாளிற் சொல்லிச் சிரித்தார். சிரிக்க அவருக்குக் காரணம் இருந்தது.

எனினும், இத்தட்டு வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிடுவோரோடும் நாம் உடன்படுவதற்கில்லை. அதன் உறையையே பாருங்கள். பாம்புத்தோலாற் செய்த பணப்பை போன்ற தோற்றம். உள்ளே பில்லியன் டொலர் என்று அச்சிட்ட பெரியதொரு நோட்டு. தன் பையிலிருந்த காசைக் கொடுத்து இன்னொரு பையை வாங்கும் இளைஞனுக்கு, அவன் வாங்குவது எதை என்பதை உறையே சொல்லிவிடுகிறது. தம்மைப் பண்டமென்று தாமே பறைசாற்றிக்கொண்ட கலைஞர் அக்காலத்தில் அதிகமிலர். ஆனால், பறைசாற்றியதனால் விலை குறைந்துவிடவில்லை, கூடியது! தன்னை எள்ளுவோனையும் விற்றுக் காசாக்கும் முதலாளித்துவ அங்காடியின் வல்லமை ஈண்டு தெளிவாகத் தெரிகிறது.

தட்டின் உச்சம் 'இலெக்ரட்' என்னும் பாடலே. 1969இல் வெளிவந்த முதற்றட்டில் வேறு பெயரோடு இருந்த மெட்டு இது. ஒலிப்பதிவை நெறிப்படுத்திய கனேடியரான பொப் எஸ்றின், அதற்குப் பித்தளை வாத்தியங்களின் ஆரவாரத்தைச் சேர்த்து ஒரு தேர்தற் கூட்டமாகவே ஆக்கிவிட்டார். 1972ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலுக்கு முன்னரே இது தனித்தட்டாக வந்தது. அவ்வாண்டு யூன் மாதத்திலேயே வோட்டர்கேற் கட்டடத்துட் புகுந்தோர் பிடிபட்டிருந்தும், நவம்பரில் நிக்சன் 49 மாநிலங்களை வென்றார். பாடலில் வரும் வேட்பாளன் வாக்குறுதிகளை அள்ளி வீசுகிறான்; நகரந்தோறும் துன்பமுண்டென ஒப்புக்கொள்கிறான்; முடிவில் அதுபற்றித் தனக்குக் கவலையில்லை என்பதையும் ஒளிக்காமற் சொல்கிறான். கட்டுரைகள் பல பக்கங்களிற் சொல்வதை நான்கு நிமிடத்திற் சொல்லிவிடும் நையாண்டி அது.

'ஜெனரேஷன் லான்ட்ஸ்லைட்' அடுத்து நிற்பது. வசதியான வீட்டுப் பிள்ளைகளே பெற்றோரின் உலகைப் புரட்டியெழும் கற்பனை அது. இறுதியில் ஒலிக்கும் வாயிசைக் கருவியும் நெஞ்சில் நிற்கிறது. பல் வைத்தியனின் துளைகருவியைக் கேட்டு நடுங்கும் பாடல் வேடிக்கையானது, அவ்வளவே.

குறைகளையும் மறைப்பதற்கில்லை. பிணத்தை விரும்புவோன் பாடும் கடைசிப் பாடலில் எள்ளப்படுவது எவர் என்பதே விளங்கவில்லை. வியட்நாமிற் பிணங்களைக் குவித்த சமுதாயத்தின் படிமம் அது எனச் சிலர் வாதிக்கலாம். பாடலில் அதற்கான சாடைகூட இல்லை. பாரிசில் 1897 முதல் 1962 வரை இயங்கிய கிறாண் கிஞோல் அரங்கின் குருதிக் காட்சிகளைப்போல, அது நரம்பைச் சுண்டிவிட்டு நின்றுவிடுகிறது. பாலியல் வன்முறையைப் பால் மாற்றி நகைப்பாக்கிய மற்றொரு பாடலை நாம் எவ்வகையிலும் ஏற்கமாட்டோம்.

இன்னுமொன்று. 'அலிஸ் கூப்பர்' என்பது முதலில் ஒருவரின் பெயரன்று. பீனிக்ஸ் நகரிலிருந்து புறப்பட்ட வின்சன்ற் ஃபர்னியர், கிளென் பக்ஸ்டன், மைக்கல் புரூஸ், டென்னிஸ் டனவே, நீல் சிமித் ஆகிய ஐவருக்கும் பொதுவான பெயர். குழு கலைந்தபின் பெயர் பாடகருக்கே உரியதாயிற்று. 1975இலிருந்து அவர் தனியே அப்பெயரில் இசைத்தட்டுகள் வெளியிட்டார். கூட்டாக உழைத்துத் தேடிய செல்வம் ஒரு முகத்தின் உடைமையாகிய கதை இது. இத்தட்டுப் பதிவான காலத்திலேயே நலிந்திருந்த பக்ஸ்டனின் கிதார்ப் பணியிற் பெரும்பகுதியை வேறு கலைஞர் நிறைவேற்ற வேண்டியதாயிற்று. அவர் 1997இல் மறைந்தார். எஞ்சிய நால்வரும் 2025இல் மீண்டும் ஒன்றுசேர்ந்து ஒரு தட்டு வெளியிட்டனர்.

'ஜெனரேஷன் லான்ட்ஸ்லைட்' பாடலை இயற்றியோராக ஐவர் பெயரும் குறிக்கப்பட்டுள்ளன. கேட்க விரும்புவோர் அதிலிருந்து தொடங்குவது நன்று.