தன்வினை

பெண்கள் தங்கள் வாழ்க்கையைச் சொல்லும்போது எந்த வினைச்சொற்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். "பன்னிரண்டாவது வரைக்கும் படிக்க வெச்சாங்க. அப்புறம் காலேஜுக்கு அனுப்பினாங்க. மூணாவது வருஷமே கட்டிக் குடுத்துட்டாங்க. வேலைக்கு விடலை." நான்கு வாக்கியங்களிலும் எழுவாய் வேறு யாரோ. பேசுகிறவள் வாக்கியத்தில் தென்படவே இல்லை. இலக்கண வகுப்பில் தன்வினை, பிறவினை நடத்தும்போது நூல்களில் உள்ள எடுத்துக்காட்டுகளைவிட இந்தப் பேச்சுதான் எனக்கு அதிகம் கைகொடுக்கிறது. 'படித்தாள்' என்பது தன்வினை. 'படிக்க வைத்தார்கள்' என்பது பிறவினை. ஒரு பெண்ணின் முப்பது வருடங்கள் முழுவதும் பிறவினையிலேயே கழிந்துவிடுவது நம் ஊரில் அதிசயமில்லை.

தன்வினை என்ற சொல்லுக்கு வீட்டுக்குள் இன்னொரு பொருள் உண்டு: செய்ததை அனுபவி. பெற்றோர் பார்த்துவைத்த கல்யாணம் முறிந்தால் அது விதி. அவளே தேர்ந்துகொண்ட கல்யாணம் முறிந்தால், "நீயாத்தானே தேடிக்கிட்ட." அதுவரை கிடைக்காத எழுவாய் அவளுக்கு அந்த ஒரு வாக்கியத்தில் கிடைத்துவிடுகிறது. இப்படிப் பழி வந்து சேரும் நேரத்தில் மட்டும் பெண்ணைத் தன் வாழ்வின் பொறுப்பாளி ஆக்குகிறார்கள். இதைப் பார்த்து வளரும் பெண், முடிவெடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்று கற்றுக்கொள்கிறாள்.

பொறுப்பு என்ற சொல்லையும் பார்க்க வேண்டும். பொறு என்ற அடியிலிருந்துதான் பொறுமையும் வருகிறது, பொறுப்பும் வருகிறது. சுமையையும் பொறுமையையும் குறிக்கும் பொறை என்ற சொல்லும் அதே குடும்பம். 'பொறுப்பான பொண்ணு' என்று ஊர் யாரைச் சொல்கிறது? தம்பியின் படிப்பு, அப்பாவின் மாத்திரை, மாமியாரின் கண் ஆபரேஷன், பிள்ளையின் பரீட்சை எல்லாவற்றையும் சுமப்பவளை. எல்லோருடைய வாழ்வுக்கும் பொறுப்பேற்றுக்கொண்டவள், தன் வாழ்வு எந்தத் திசையில் போக வேண்டும் என்று கேட்டால் மட்டும் 'பொறுப்பில்லாதவள்' ஆகிவிடுகிறாள்.

'உன் வாழ்க்கை உன் கையில்' என்று சொல்லும் தன்னம்பிக்கைப் புத்தகங்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. கையில் காசு இருக்கிறதா, வீடு யார் பெயரில் இருக்கிறது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வார்கள், அவள் எந்தச் சாதித் தெருவில் பிறந்தாள் என்ற கேள்விகள் அங்கே எழுவதில்லை. இதற்கு எதிர்த்திசையில் நம் பெண்ணிய விமர்சனம் பல நேரம் நிற்கிறது. எல்லாவற்றையும் குடும்பம், சாதி, மதம் என்று சுட்டிவிட்டு, கதையில் வரும் பெண்ணை முழுக்கப் பாதிக்கப்பட்டவளாக மட்டும் வாசித்து முடித்துவிடுகிறோம். அந்த வாசிப்பிலும் அவள் செயப்படுபொருள்தான். இந்த இரண்டுக்கும் நடுவில் தன்வினைக்கு இடம் உண்டா என்று மூன்று பிரதிகளிடம் கேட்டுப் பார்க்கிறேன்.

முதலாவது, ஜெயகாந்தனின் கங்கா. 1966இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில், மழைநாளில் முன்பின் அறியாத ஒருவனின் காரில் ஏறி, அவனது இச்சைக்கு ஆளாகித் திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊருக்குக் கேட்கும்படி அலறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. அண்ணன் வீட்டை விட்டு விரட்டுகிறான். மாமா படிக்க வைக்கிறார். கங்கா படித்து, வேலைக்குப் போய், சம்பாதித்து, தாயை வைத்துக் காப்பாற்றுகிறாள். இன்றைய கணக்கில் அவள் 'சொந்தக் காலில் நிற்பவள்'.

ஆனால் அந்தக் கால்கள் எந்தத் திசையில் நடக்கின்றன? முடிந்தால் அந்த ஆளைத் தேடிப் பிடித்து அவனோடு வாழ்ந்து காட்டட்டும் என்று மாமா விடும் சவாலையே அவள் தன் இலக்காக எடுத்துக்கொள்கிறாள். பிரபுவைத் தேடிப் போவது கங்காதான். போக வேண்டிய முகவரியை எழுதிக் கொடுத்தவர் மாமா. எதிராளி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே அவளுடைய துணிச்சல் எல்லாம் செலவாகிவிடுகிறது. பிரபு விலகிப் போனபின் அவளுக்கென்று ஒரு கேள்வி மிச்சமில்லை, மது மிஞ்சுகிறது. கங்காவைக் குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. சம்பளம் வந்துவிட்டால் விடுதலையும் கூடவே வந்துவிடும் என்று நம்புகிற நமக்கு இந்த நாவல் இன்னும் தேவைப்படுகிறது. வருமானம் அவசியம். ஆனால் அது திசையைச் சொல்லித் தருவதில்லை.

இரண்டாவது, மணிமேகலை. சாத்தனாரின் காப்பியம் தொடங்கும்போது அவள் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டையும் பிறரே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பாட்டி சித்திராபதிக்கு அவள் குலத்தொழிலுக்கு வர வேண்டும். தாய் மாதவிக்கு அவள் துறவியாக வேண்டும். தாயின் வழி உயர்ந்தது என்று நாம் பாராட்டிவிட்டுப் போகிறோம். ஆனால் நல்ல வழியே ஆனாலும் அது மாதவியின் முடிவு. மகளின் மனமோ தன்னைத் துரத்தும் உதயகுமரன் பக்கமும் சாய்கிறது. சாத்தனார் அதை மறைக்கவில்லை, மணிமேகலையும் மறைக்கவில்லை.

அதன்பின் அவள் செய்வதைப் பாருங்கள். அமுதசுரபியை ஏந்திப் பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தரும்படி மன்னனிடம் கேட்டு வாங்குகிறாள். அவள் காயசண்டிகையின் உருவெடுத்திருந்த வேளையில், காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் சந்தேகத்தில் உதயகுமரனை வெட்டிக் கொல்கிறான். மணிமேகலை அழுகிறாள். அரசி அவளைச் சிறைவைத்து வதைக்கிறாள். ஆனால் அந்தக் கொலையின் பழியை அவள் தன் தலையில் ஏற்றிக்கொள்வதில்லை. இளவரசனின் சாவுக்கு அவனுடைய வினையே காரணம் என்று அரசியிடமே எடுத்துச் சொல்கிறாள். துக்கம் அவளுடையது, பழி அவளுடையது இல்லை. ஓர் ஆணின் ஆசைக்கும் இன்னோர் ஆணின் சந்தேகத்துக்கும் நடுவில் நடந்த கொலைக்குப் பெண்ணே காரணம் என்று இன்றும் செய்தி வாசிக்கிற ஊரில், இந்தப் பகுதியை மாணவிகள் நிறுத்தி வாசிக்க வேண்டும். முற்பிறவி வினை என்ற கருத்து பெண்களையும் ஒடுக்கப்பட்டவர்களையும் அடக்கி வைக்கப் பயன்பட்டதும் உண்மைதான். ஆனால் அவரவர் செயல் அவரவருடையது என்ற அதன் மறுபக்கத்தை மணிமேகலை தனக்காகப் பயன்படுத்திக்கொள்கிறாள்.

பிறகு வஞ்சிக்குப் போய், ஆண் தவசியின் உருவில், சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். இது இருபத்தேழாம் காதை. காஞ்சியில் அறவண அடிகளிடம் அறம் கேட்டு அவள் நோன்பு ஏற்பது முப்பதாம் காதையில். தாய் காட்டிய அதே வழிதான். ஆனால் மாதவி சொன்ன துறவுக்கும் மகள் ஏற்ற துறவுக்கும் நடுவில் ஒரு முழுக் காப்பியம் இருக்கிறது. வீட்டார் சொன்னதற்கு நேர் எதிராகப் போனால்தான் சொந்த முடிவு என்று நினைக்கத் தேவையில்லை. கேட்டு, ஒப்பிட்டு, சோதித்து, அதன்பின் ஏற்றுக்கொண்டால் பிறர் காட்டிய வழியும் தன்வினை ஆகும்.

மணிமேகலைக்கு மந்திரங்கள் துணை இருந்தன. பாமாவுக்கு இல்லை. 1992இல் வெளியான 'கருக்கு' தலித் தன்வரலாறாகப் பரவலாக வாசிக்கப்பட்டிருக்கிறது. எடுத்த முடிவிலிருந்து திரும்பி வந்த ஒரு பெண்ணின் கதையாகவும் அதை வாசிக்கலாம். ஆசிரியையாக வேலை பார்த்தபோது தலித் பிள்ளைகள் நடத்தப்பட்ட விதத்தைக் கண்டு, அவர்களுக்காக உழைக்கலாம் என்று அவர் கன்னியர் மடத்தில் சேர்கிறார். உள்ளே போனபின், மடமும் அதன் பள்ளிகளும் வசதி படைத்தவர்கள் பக்கம் நிற்பதையும் சாதி அங்கேயும் இருப்பதையும் காண்கிறார். வெளியேறுகிறார். வெளியே வேலையோ பாதுகாப்போ அவருக்காகக் காத்திருக்கவில்லை.

சேர்ந்ததும் அவர் முடிவு, வெளியேறியதும் அவர் முடிவு. சாதியும் நிறுவனமும் செய்ததை அவர் பெயர் சொல்லிச் சாடுகிறார். அதே நேரத்தில், என்னைச் சேர்த்துவிட்டார்கள் என்று ஒதுங்கிக்கொள்வதுமில்லை, ஏன் போனேன் என்று தன்னையே சபித்துக்கொள்வதுமில்லை. புத்தகம் முடியும்போதும் வெளியுலகம் பற்றிய பயம் அவரிடம் இருக்கிறது. அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறார். சூழ்நிலையைச் சொல்வதும் பொறுப்பேற்பதும் ஒன்றையொன்று மறுக்கத் தேவையில்லை என்பதற்கு இதைவிட நேரான எடுத்துக்காட்டு நம் மொழியில் எனக்குத் தெரிந்து அதிகமில்லை.

இங்கிருந்து எனக்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. பொறுப்பு என்றால் எடுத்த முடிவின் விளைவைக் காலமெல்லாம் சகித்துக்கொள்வது என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். அது பொறுமைக்கு இன்னொரு பெயர். பிறர் எடுத்த முடிவை நம்மால் திருத்த முடியாது, சுமக்க மட்டுமே முடியும். நாமே எடுத்த முடிவை நாமே திருத்தலாம். அந்த உரிமையும் சேர்ந்ததுதான் பொறுப்பு.

திருத்துவதற்கு ஒரு தரை வேண்டும். தொழிலில் நொடித்துப்போன மகனுக்கு வீட்டில் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பணம் புரட்டுகிறார்கள். திரும்பி வந்த மகளுக்கோ பாய் விரிக்கவே யோசிக்கிறார்கள். 'உன் வாழ்க்கை உன் கையில்' என்று அவளிடம் சொல்லும் முன், அவள் திரும்பி வந்தால் படுக்க ஓர் இடமும் செய்ய ஒரு வேலையும் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது நம் எல்லோருடைய வேலை. முடிவு தனிமனுஷியுடையது. அதைத் தாங்கும் தரையை ஒருத்தி தனியாகப் போட்டுவிட முடியாது.

மேற்படிப்பு விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன் மேடம்" என்கிற மாணவிகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கேட்பதில் தவறில்லை. மணிமேகலையும் எல்லோரிடமும் கேட்டாள். கேட்கப் போவதற்கு முன் ஒரு வாக்கியத்தை மட்டும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு என்ன வேண்டும் என்ற வாக்கியம். வீட்டில் என்ன சொன்னாலும் அதைக் கிழித்துவிடாதீர்கள். அடுத்த வருடம் எடுத்து வாசித்துப் பார்த்து, தேவைப்பட்டால் நீங்களே அடித்துத் திருத்துங்கள்.