பரணி காட்டும் அச்சம்

கலிங்கத்துப்பரணியில் தோற்றோடும் கலிங்கரைப் பாடும் தாழிசைகள், அஞ்சிய கூட்டத்தின் மனநிலையை உள்ளவாறே காட்டுவன எனப் பாராட்டுவாருண்டு. இப்பாராட்டு முழுதும் பொருந்துமா என ஈண்டு ஆராய்வோம்.

இதற்குத் துணையாவன சமுதாய உளவியலில் நம் நாட்டவர் செய்த ஆய்வுகள் இரண்டு. 1934 சனவரி 15-இல் பீகாரில் பெருநிலநடுக்கம் நிகழ்ந்தபின் உலவிய வதந்திகளைத் தொகுத்து ஜமுனா பிரசாத் எழுதிய கட்டுரை, 1935-இல் பிரிட்டிஷ் உளவியல் ஆய்விதழில் வெளிவந்தது. அதிர்ச்சியை உணர்ந்தும் அழிவு காணாத இடங்களில், கங்கை நீர் திடீரென மறைந்து நீராடினோர் மணலிற் புதைந்தனர் என்றும், இன்ன நாளில் இதனினும் பெருங்கேடு வரும் என்றும் மக்கள் பேசிக்கொண்டனர். அதே இதழில் 1952-இல் துர்காநந்த சின்ஹா, டார்ஜிலிங் நிலச்சரிவில் மெய்யாகவே கேடுற்றோரிடம் இத்தகைய மிகைப்பேச்சு எழவில்லை என எழுதினார். இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஃபெஸ்டிங்கர் 1957-இல் ஒரு விளக்கம் தந்தார்: காரணம் காணாத அச்சம் தனக்கேற்ற காரணத்தைத் தானே படைத்துக்கொள்கிறது, கேடு கண்முன் நிற்கையில் அதற்குத் தேவையில்லை.

இனிப் பரணிக்கு வருவோம். வந்த படையை ஊழி முடிவோ என ஐயுற்று அலறினர், தம் நிழலுக்கே வெருவினர் என்னும் மிகைகள் களத்தில் நின்று கேடுற்றார்மேல் ஏற்றப்படுகின்றன. சின்ஹா கண்டதற்கு இது மாறானது. ஆனால் சொல்வது யார்? களம் கண்டு வந்த பேய். கேட்பவள் தொலைவிலிருக்கும் காளி. அவளுக்கும் அப்பால் கேட்போர், 1070 முதல் முதற்குலோத்துங்கன் ஆண்ட கங்கைகொண்ட சோழபுரத்தின் பெருமையில் வாழ்ந்த சோழ நாட்டார். கலிங்கத்துக்கு நூற்றுக்கணக்கான கல் தொலைவில் இருந்தவர். எனவே மிகை, கலிங்கர் நெஞ்சினும் கேட்டார் நெஞ்சையே மிகுதியும் காட்டுகிறது. (காளி கேட்டதோடு அமையாது களத்தையே சென்று காண்பதும் கருதத்தக்கது.)

எனினும் உளவியலார் கூற்றை அப்படியே பெயர்த்துவைத்தல் தவறாம். பாட்னாவில் வதந்தியை வளர்த்தது அச்சம். சோழர் அவையில் மிகையை வளர்த்தது பெருமிதம். இரண்டுக்கும் பொதுவாவது கேட்டினின்றும் விலகி நின்ற நிலை ஒன்றே. தொல்காப்பியர் அச்சத்தின் நிலைக்களனாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கையே கூறினார், பகைப்படையைக் கூறவில்லை. நகைக்கு அவர் முதற்கண் கூறியது எள்ளல். இத்தாழிசைகளை அச்சச்சுவைக்கு எடுத்துக்காட்டுதலினும் எள்ளல் பற்றிய நகையுள் அடக்குதலே பொருத்தமாகும்.

உண்மை மனநிலையைத் தேடுவார் மாறுவேடத் தாழிசைகளைக் காண்க. தூறு மயிரைப் பறிக்க, உடையும் இழந்தவர் அமணராகின்றனர்; குருதி தோய்ந்த கொடித்துணியைப் போர்த்தவர் சாக்கியராகின்றனர்; யானைமணியைத் தாளமாக ஏந்தியவர் பாணராகின்றனர். கைக்கு எட்டியதைக்கொண்டு உயிர்காக்கும் இச்சூழ்ச்சியில் கற்பனைப் பேரழிவு ஏதுமில்லை. வில்நாணை முந்நூலாக மடித்து அணிந்த ஒருவகையார், கங்கையாட வந்து அகப்பட்டோம் என்கின்றனர். கங்கை கொண்ட வெற்றியால் பெயர்பெற்ற நகரத்தார் செவியில் இப்பொய் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை உரைகாரர் எவரேனும் விரித்தால் நன்று.