கமராவும் கண்ணும்: மன்னார்க் கரை தரும் பாடம்

கலைஞன் கருவியை ஆள்கின்றானா, கருவி கலைஞனை ஆள்கின்றதா என்னும் வினா பழையது. புகைப்படக் கலையிலே அது பிற கலைகளினும் கூர்மையாக எழுகின்றது. 1839இல் உலகறிய வெளிப்பட்ட அக்கலையின் கருவி, இரு நூற்றாண்டு நிறையுமுன் பன்முறை மாறிவிட்டது. இவ்வினாவை ஆராய்வதற்கு மன்னார்த் தீவும் அதனை அடுத்த கரையும் நல்லதோர் உரைகல்லாகும்.

முதற்கண் ஈரத்தட்டுக் காலத்தை நோக்குவோம். ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் இங்கேயே மறைந்தார். அவர் கையாண்ட முறையிலே கண்ணாடித் தட்டிற் கொலோடியன் பூசி, அது காயுமுன் படமெடுத்து, உடனே இருட்டறையிற் கழுவுதல் வேண்டும். ஒரு முகத்தைப் பதிய இத்துணை உழைப்பு வேண்டியிருந்தமையால், எம்முகத்தை, எதற்காகப் பதிவது என்று எண்ணாது இயங்குதல் அரிதாயிற்று. அவர் படங்களின் மங்கலைக் குற்றமென்றார் பலர். அவரோ அதனைத் தம் நோக்கிற்கு உரியதாகவே கொண்டார்.

உலர்தட்டும் படச்சுருளும் வந்தபின் அவ்வுழைப்புக் குறைந்தது. 1905இல் மரிச்சுக்கட்டியில் நிகழ்ந்த பெரிய முத்துக்குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அக்காலத்து முத்துக்குளிப்புப் படங்களை நோக்குவார்க்குப் படகு வரிசையும் ஓலைக் கொட்டிலும் மக்கள் திரளும் புலனாகும். சுழியோடி எங்கே? கல்லின் பாரத்தால் மூச்சடக்கி இறங்கிய அவன்றன் தொழில் நீரின்கீழ் நிகழ்ந்தது. படங்களோ அவனைப் படகிலும் கரையிலுமே காட்டுகின்றன. அவற்றின் கீழே ‘முத்துக்குளிப்போர்’ என்னும் பொதுப்பெயரன்றி அவன் பெயரைக் காண்டல் அரிது. படமெடுத்தல் எளிதாயிற்று, மனிதனை அணுகுதல் எளிதாகவில்லை.

இக்குறையை நீக்கும் வழியைக் கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் ஓரளவு காட்டினார். சட்டமும் பியானோவும் பயின்ற அவர், 1930களிற் புகைப்படக் கலையில் ஆழ்ந்தார். கையடக்கமான கமரா அவரை உழைப்பாளரின் அண்மைக்குக் கொண்டுசென்றது. கருவி மிச்சப்படுத்திய உழைப்பை அவர் இருட்டறையிலே செலவிட்டார். கழுவும்போதே ஒளி பாய்ச்சி, ஒளியும் நிழலும் தலைமாறச் செய்யும் முறையையும் ஆராய்ந்தார். அவர் 1944இல் மறைய, 1950இல் அவர் படங்கள் நூலாக வெளிவந்தன. ஆயினும், அப்படங்களிலும் உடலின் வனப்பு ஓங்க, அவ்வுடற்குரியானின் வாழ்வு சிலபோது பின்தங்குதலை மறைத்தல் முறையன்று.

பின்னர்க் கமரா விண்ணேறிற்று. 1966 செப்டெம்பரில் ஜெமினி 11 விண்கலத்திற் சென்ற கொன்றாட், கோடன் என்னும் இருவர் காலத்தே தென்னிந்தியாவும் இலங்கையும் ஒரே படத்தில் அடங்கின. மன்னார்த் தீவு அதில் ஒரு மெல்லிய கீற்று. அப்படத்தின் வியப்பை மறுப்பாரில்லை. எனினும் மன்னார் மனிதன் அதில் இல்லை.

இன்று அவ்வானக் காட்சியைச் சிறு அளவில் எவரும் பெறலாம். வங்காலையிற் பூநாரைக் கூட்டத்தின்மேலும், தலைமன்னார் இறங்குதுறையின்மேலும் ட்ரோன் என்னும் பறக்கும் கமராவைச் செலுத்தலாம். பள்ளிமுனைப் பெருக்கமரத்தைக் கைப்பேசியில் நொடிக்கொன்றாகப் பதியலாம். விளைவோ பெரும்பாலும் ஒரே படம். பறவை கலைந்தெழுவதும் அழகாகத் தோன்றுதலின், அதன் இரை கெட்டதை எவரும் எண்ணுவதில்லை.

இது கண்டு, பழைய கருவிக்கே மீள்வோம் என்பார் உளர். அது பொருந்தாது. ஈரத்தட்டின் தொல்லை கலையன்று. அத்தொல்லை வற்புறுத்திய சிந்தனையே கலைக்கு உதவிற்று. தொல்லை போகட்டும், முன்னர்க் கட்டாயத்தால் நிகழ்ந்த சிந்தனையை இனி விருப்பத்தாற் செய்தல் வேண்டும். புதுக்கருவியைக் கைக்கொள்வோனின் படைப்பாற்றல் இதனாலேயே அளக்கப்படும்.

இதற்குச் செயல்வழி எளியது. கரைவலை இழுப்போரைப் படமெடுக்க விரும்பும் மாணவன், முதலில் அவரோடு ஒரு காலைப் பொழுதைக் கழிக்கட்டும். வலை வளைப்பதும் கரை சேர்வதும் எவ்வாறென அறியட்டும். பின்னர் ஒரு படம் எடுப்பினும் போதும். அதன்கீழ் அவர் இசைவுடன் பெயரும் ஊரும் நாளும் எழுதுக. ஒரு படி அவர்க்கும், ஒரு படி கல்லூரி நூலகத்திற்கும் அளித்திடுக. கைப்பேசி மாறும்போது படமும் மறையும் காலமிது. 1905இன் சுழியோடிகள் பெயரின்றி நிற்கின்றனர். இன்றைய கடற்றொழிலாளரையும் அந்நிலையில் விடுவோமாயின், அப்பழி கருவியைச் சாராது, நம்மையே சாரும்.