டிசிபி-ஓ-மேட்டிக்: ஸ்பெக் தாளைப் படித்துச் சொல்லும் மென்பொருள்

விநியோகஸ்தர் தரும் ஸ்பெக் தாளில் பல நேரம் ஒரே வரிதான் இருக்கும்: ‘2கே டிசிபி, ஸ்கோப், 24 ஃப்ரேம், 5.1’. டிசிபி என்பது தியேட்டர் சர்வர் ஓட்டும் ஃபைல் தொகுப்பு. அந்த ஒரு வரி கேட்பது கொஞ்சநஞ்சமல்ல. படம் 2048×858 பிக்சலில் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி ஜேபெக் 2000 ஆக வேண்டும். நிறம் நம் மானிட்டரின் ரெக் 709-லிருந்து 12 பிட் எக்ஸ்ஒய்இசட்டுக்கு மாற வேண்டும். பிட் ரேட் விநாடிக்கு 250 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட டிசிஐ விதிகளிலிருந்து வந்த கணக்கு இது. எடிட்டிங் டேபிளில் எடுத்த எம்பி4-ஐத் தியேட்டர் சர்வர் சீந்தாது.

கார்ல் ஹெதரிங்டன் உருவாக்கிய டிசிபி-ஓ-மேட்டிக், இந்த வேலைக்கென்றே இருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். காசு கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ரிசால்விலிருந்து புரோரெஸ் 422 எச்க்யூவில் ஒரு மாஸ்டர் எடுத்து உள்ளே போட்டால் போதும். (1080-ல் இரண்டு மணி நேரப் படத்துக்கு அந்த மாஸ்டரே 158 ஜிபி வரும், டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.) முகப்பு பழைய காலத்து அலுவலக மென்பொருள் மாதிரிதான் இருக்கிறது. அது எனக்கொரு குறையாகத் தெரியவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது ‘ஹின்ட்ஸ்’ ஜன்னல். ரெண்டருக்குப் போகும் முன்பே எது எங்கே உதைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. ஸ்கோப் படத்தை ஃப்ளாட் சட்டத்தில் வைத்தால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும் என்கிறது. பிட் ரேட்டை உச்சத்துக்கு ஏற்றினால், சில புரொஜக்டர்கள் திணறும், 200-க்கு இறக்குங்கள் என்கிறது. முக்கியமானது ஃப்ரேம் ரேட். டிவி பழக்கத்தில் இங்கே பலரும் 25-ல் ஷூட் செய்கிறார்கள். 25 ஃப்ரேம் டிசிபி எல்லா புரொஜக்டரிலும் ஓடாது. அமைப்பை 24-க்கு மாற்றினால் படத்தை மெதுவாக ஓட்டிச் சரிக்கட்டுகிறது. 100 நிமிடப் படம் 104 நிமிடம் 10 விநாடி ஆகிறது, குரலும் ஒரு இழை தடிக்கிறது. பாட்டு இருக்கும் படத்தில் இதை இசையமைப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

சப்டைட்டிலிலும் கண் வைத்திருக்கிறது. முதல் வரி படம் தொடங்கி 4 விநாடிக்குப் பிறகே வரட்டும், ஒரு வரியில் 52 எழுத்துக்கு மேல் வேண்டாம், ஃபான்ட் ஃபைல் 640 கேபியைத் தாண்டினால் சிக்கல் என்றெல்லாம் நினைவூட்டும். ஆனால் அது சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். சப்டைட்டிலே தமிழில் என்றால் தனி ஃபைலாக அனுப்பாதீர்கள். எழுத்தைக் கோத்துக் காட்டுவது அந்தந்தத் தியேட்டரின் கருவி. கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று பிரிந்து நின்றால் அங்கே போய்த் திருத்த முடியாது. ‘பர்ன்’ என்ற கட்டத்தை டிக் செய்து படத்திலேயே பதித்துவிடுங்கள்.

குறைகளும் உண்டு. ஜேபெக் 2000 பிழிந்தெடுக்கும் வேலை. சாதாரண லேப்டாப்பில் முழுநீளப் படம் என்றால் இரவு முழுக்க ஃபேன் கத்தும். வீட்டிலோ ஆபீஸிலோ இருக்கும் மற்ற கணினிகளையும் நெட்வொர்க் வழியாக வேலையில் சேர்க்கலாம் என்பது ஆறுதல். ஸ்டீரியோவை 5.1 ஆக்கும் வசதியைக் கதைப் படத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வசனம் நடு ஸ்பீக்கரில் சுத்தமாக உட்கார வேண்டுமென்றால் மிக்ஸிங் ஸ்டூடியோவுக்குத்தான் போக வேண்டும்.

முடிந்ததும் கூடவே வரும் வெரிஃபையரில் ஒருமுறை ஓட்டுங்கள். பிகேஎல் என்ற எக்ஸ்எம்எல் ஃபைலில், படமும் ஒலியும் இருக்கும் ஒவ்வொரு எம்எக்ஸ்எஃப் ஃபைலுக்கும் ஹாஷ் இருக்கிறது. காப்பி எடுக்கையில் ஏதாவது கெட்டிருந்தால் அங்கேயே மாட்டும். ஃபைல்களுக்கு நம் இஷ்டத்துக்குப் பெயர் மாற்றினால் டிசிபி திறக்காது. டிஸ்க்கை இஎக்ஸ்டி2 முறையில் எழுதித்தரவும் இதிலேயே தனி டூல் இருக்கிறது.

குறும்படம், ஆவணப்படம், விழாவுக்குப் போகும் படம் இவற்றுக்கு வேறெதுவும் தேவையில்லை. பூட்டுப் போட்டு நூற்றுக்கணக்கான திரைகளில் ரிலீஸ் என்றால் கதை வேறு. கேடிஎம் சாவியை இதிலும் உருவாக்கலாம்தான்; ஆனால் வெள்ளிக்கிழமைக் காலைக் காட்சிக்கு முன் ஏதோ ஒரு ஊரின் சர்வர் சாவியை ஏற்க மறுத்தால், போனை எடுக்க ஆள் வேண்டும். அந்த வேலையைச் சென்னையின் கியூப் சினிமா போன்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.