ஈரம் காயாத ஊரில் நாயின் பாதம்

ஈப்போ பக்கத்துத் தமிழர் வீடுகளில் நாயின் காலில் புண் கண்டால் முதலில் கை போவது எண்ணெய்ப் போத்தலுக்குத்தான். மஞ்சள்தூளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுவார்கள், இல்லாவிட்டால் வேப்பெண்ணெய். இரண்டுமே கப்பலேறி வந்த கைவைத்தியம். ஒன்று தமிழ்நாட்டிலிருந்து பால்மரம் வெட்ட வந்தவர்களோடு வந்தது, மற்றது யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்தவர்களோடு வந்தது என்று கறாராகப் பிரிக்க முடியாது. 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே மலாயாவின் முதல் ரயில் ஓடிய காலம் தொட்டே இரு கரைத் தமிழரும் பேராக்கில் அக்கம்பக்கமாக வாழ்ந்தவர்கள். தோட்டத்து டிரஸர் கொடுத்த மஞ்சள் மருந்து லயத்து நாய்க்கும் கிராணி வீட்டு நாய்க்கும் ஒன்றுதான். ஆனால் எண்ணெய் வைத்தியம் பிறந்த மண்ணையும் அது வந்து சேர்ந்த மண்ணையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். இங்கே அது பல நேரம் புண்ணை ஆற்றுவதற்குப் பதிலாக வளர்த்துவிடுகிறது.

தமிழ்நாட்டில் நாயின் பாதத்துக்கு எதிரி வெயில். காற்றின் வெப்பம் 25 பாகையாக இருக்கும்போதே நேர்வெயில் படும் தார்ச்சாலை 50 பாகையை எட்டிவிடும். கத்திரி நாளில் மதுரையிலும் வேலூரிலும் காற்றே 40 பாகையைத் தாண்டும்போது சாலை எப்படிக் கொதிக்கும் என்பது, செருப்பில்லாமல் நண்பகலில் கோயில் பிராகாரம் சுற்றியவர்களுக்குத் தெரியும். நாயின் பாதத் திண்டு தடித்த தோல்தான் என்றாலும் அதற்கும் கொப்புளம் வரும், தோல் உரியும். அதனால் அங்கே விவரம் தெரிந்தவர்கள் நாயை விடியற்காலையிலேயே நடத்திக் கூட்டி வந்துவிடுகிறார்கள். புறங்கையைச் சாலையில் ஏழு விநாடி வைத்துப் பார். உன்னால் பொறுக்க முடியாவிட்டால் நாயை இறக்காதே என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் எளிய கணக்கு.

கிராமத்தில் வெயிலோடு முள்ளும் சேரும். நெருஞ்சி, சீமைக்கருவேலம். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டிய தென்பாண்டிக் கரிசலில் பாதம் வெடித்துப் பாளம் விடும். அந்த வறண்ட தோலுக்கு எண்ணெய் தடவுவது அறிவான காரியம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை வருவது மாட்டு வைத்தியத்தை நாய்க்கு மாற்றும்போதுதான். கோமாரி கண்ட மாட்டின் குளம்புப் புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, மஞ்சள், பூண்டு ஆகியவற்றை அரைத்து நல்லெண்ணெயில் காய்ச்சிப் பூசும் முறையைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் விவசாயிகளிடம் பரப்பியிருக்கிறது. புழு வைத்துவிட்டால் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய். மாட்டுக்கு இது நல்ல மருந்து. நாயோ காலில் எதைப் பூசினாலும் அடுத்த நிமிடமே நக்கிவிடும். உள்ளே போகும் பூண்டு நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். கற்பூரம் அளவு மீறினால் வலிப்பே வரும். கழுத்தில் கூம்பு மாட்டாமல் நாயின் பாதத்தில் எந்த மருந்தையும் பூசுவது வீண், சில நேரம் ஆபத்து. இந்த ஒரு விஷயத்தில் ஈப்போ, மதுரை, யாழ்ப்பாணம் மூன்றுக்கும் விதி ஒன்றுதான்.

யாழ்ப்பாணத்துக் கதை பாதி இதே மாதிரிதான். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை மழை. மிச்ச மாதங்களில் பெரும்பாலும் வறட்சி. முள்ளுக்குப் பதில் பனை மட்டையின் கருக்கு, ரம்பம் போல் பாதத்தைக் கீறும். ஆனால் அந்த மண் தண்ணீரைத் தேக்கி வைக்காது. சுண்ணக்கல்லுக்கு மேல் கிடக்கும் செம்மண்ணும் மணலும் அவ்வளவையும் உறிஞ்சிக்கொள்ளும். கிணற்றடியில் நாயின் காலைக் கழுவி முற்றத்து மணலில் விட்டால் சிறிது நேரத்தில் தானே காய்ந்துவிடும். காய்ந்த காலில் வேப்பெண்ணெய் தடவினால் ஈ மொய்க்காது, உண்ணியும் விலகும். ஈப்போவைச் சுற்றியும் சுண்ணக்கல் மலைகள்தான் நிற்கின்றன. ஆனால் காலடியில் கிடப்பது களியும் ஈயம் எடுத்த குட்டைகளும். மலையைப் பார்த்து மண்ணை எடைபோடக் கூடாது.

இலங்கையில் நமக்குப் பாடம் சொல்லக்கூடிய ஊர் வேறு. ஹட்டன், நுவரெலியா பக்கத்து மலையகத் தோட்டங்கள். அங்குள்ளவர்களும் நம் தோட்டத்து மக்களைப் போலவே தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். மலையின் குளிர் நமக்கு இல்லை, ஈரம் இருக்கிறது. கொழுந்து பறித்துத் திரும்புகிறவர் வீட்டு வாசலில் முதலில் தேடுவது காலில் ஒட்டிய அட்டையை. கூடவே ஓடி வந்த நாயையும் அப்படியே பிடித்து, விரல் விரலாக விரித்துப் பார்ப்பதுதான் அங்கே பாதப் பராமரிப்பு. பூசுவது அப்புறம்தான், பார்ப்பது முதலில். பேராக்குக்குப் பொருந்துகிற பழக்கம் இதுவே என்பது என் முடிவு. சென்னை, யாழ்ப்பாணம் இரண்டிலுமே ஆண்டு மழை 1300, 1400 மில்லிமீட்டர் அளவில்தான். அதுவும் சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஈப்போவில் சராசரி 2400க்கு மேல். தைப்பிங்கில் சுமார் 4000. அது பன்னிரண்டு மாதமும் பரவிப் பெய்கிறது.

இந்த ஈரத்தில் நாயின் விரலிடுக்கு எப்படி இருக்கும் என்று அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும். பாதத்தைத் தூக்கி, பெருந்திண்டுக்கும் விரல்களுக்கும் நடுவே கட்டைவிரலை வைத்து மெல்ல விரியுங்கள். நல்ல பாதத்தில் தோல் உலர்ந்து, நிறம் ஒரே சீராக இருக்கும். பூஞ்சை பிடித்த பாதத்தில் தோல் சிவந்து, பிசுக்கென்று ஒட்டும். புளித்த மாவு வாடை வரும். வெள்ளை நாயாக இருந்தால் நக்கி நக்கி அந்த இடத்து முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருக்கும். இந்த நிலையில் எண்ணெய் தடவினால் ஈரம் உள்ளேயே அடைபடும், பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இங்கே வேண்டியது சாதாரணத் தண்ணீரில் கழுவி, பருத்தித் துண்டால் ஒவ்வொரு இடுக்காகத் துடைப்பது. அப்படியும் ஆறாவிட்டால் விலங்கு மருத்துவர் தரும் குளோர்ஹெக்சிடின் கழுவல். 1948 முதல் விலங்கு நோய் ஆய்வுக் கழகம் இயங்கிவரும் ஈப்போவில் இன்னும் பாட்டி வைத்தியத்தையே முதல் மருந்தாக வைத்திருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

உண்ணியும் அதே இடுக்கில்தான் ஒளியும், காது மடலுக்கு அடுத்தபடியாக. செம்பனைக் காட்டில் சுற்றும் நாய்க்கு மட்டை முள் குத்தி உள்ளேயே ஒடிந்துவிடும். வெளியே சின்ன வீக்கம்தான் தெரியும். பழைய பால்மரத் தோட்டங்கள் செம்பனையாக மாறிய சுங்கை சிப்புட், பீடோர் பக்கங்களில் இன்னொரு தொல்லை புல் மருந்து. பாராகுவாட்டை மலேசியா 2020 சனவரி முதல் தடை செய்துவிட்டது. மற்ற களைக்கொல்லிகள் தொடர்கின்றன. மருந்தடித்த தீம்பாரில் நடந்து வந்த நாயை வீட்டுக்குள் விடுமுன் நான்கு காலையும் கழுவியே ஆக வேண்டும், ஏனென்றால் அது பாதத்தை நக்கித்தான் சுத்தம் செய்துகொள்ளும்.

பாதத்தைப் பற்றிப் பேசும்போது கொக்கிப்புழுவை விட்டுவிட முடியாது. நாய், பூனை, மனிதர் மூவரையும் பிடிக்கும் ஒரு கொக்கிப்புழுவுக்கு இலங்கையின் பெயரே இருக்கிறது: ஆன்சிலோஸ்டோமா சிலானிக்கம். 1911இல் இலங்கையின் ஒரு புனுகுப் பூனையிடமிருந்து எடுக்கப்பட்ட புழுவை வைத்து லூஸ் என்ற ஆய்வாளர் அதை விவரித்தார். 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, சிகிச்சைக்கு வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் செருப்பில்லாத தமிழ்த் தொழிலாளர்கள். மலேசியாவில் ஓராங் அஸ்லி குடியிருப்புகளில் நடந்த ஆய்வுகளிலும் இதே சிலானிக்கம் மனிதரிடம் கண்டறியப்பட்டிருக்கிறது. கொக்கிப்புழுக் குஞ்சு நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் காத்திருக்கும்; வாய் வழியாகவும் போகும், பாதத் தோலைத் துளைத்தும் போகும். துளைத்த இடத்தில் நாயின் கால் சிவந்து அரிக்கும். பால்மரத்தின் அடி எப்போதும் நிழலும் ஈரமும்தானே! ஆகவே மருத்துவர் சொல்லும் காலக்கெடுவில் பூச்சி மருந்து கொடுப்பதையும், நாயின் மலத்தை அன்றன்றே அள்ளுவதையும் பாதப் பராமரிப்பில் சேர்க்க வேண்டும். அதே மண்ணில் வெறுங்காலோடு விளையாடும் குழந்தைக்கும் அது காவல்.

நகத்தைப் பற்றிச் சுருக்கமாக. மதுரைத் தெருநாய்க்கும் வவுனியா வளவு நாய்க்கும் நகம் வெட்டத் தேவையில்லை, தரையே தேய்த்துவிடும். தாமான் வீட்டுப் பளிங்குத் தரையில் படுத்தே கிடக்கும் நாய்க்கு நகம் வளைந்து, நடை கோணும். தரையைத் தொடாத ஒட்டுநகம் சுருண்டு சதைக்குள்ளேயே இறங்கிவிடும். கறுப்பு நகத்தில் உள்ளே இரத்தம் ஓடும் பகுதி தெரியாது, எனவே நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். இரத்தம் வந்துவிட்டால் முடிதிருத்துபவர் வைத்திருக்கும் படிகாரத்தை நனைத்து அழுத்தினால் நின்றுவிடும்.

நொண்டல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, விரலிடுக்கில் கட்டி உடைந்து சீழ் வந்தாலோ, புண்ணில் புழு நெளிந்தாலோ கைவைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மற்ற நாட்களில் எண்ணெய்ப் போத்தல் சமையலறையிலேயே இருக்கட்டும். வாசலில் ஆணியடித்து ஒரு பழைய பருத்தித் துண்டை மாட்டிவையுங்கள். மழையில் நனைந்து வரும் நாயின் நான்கு காலையும் துடைத்த பிறகே உள்ளே விடுங்கள்.